மூளையில் அடைப்பு, கழுத்தில் கத்தி

"ஏனுங்க சார், அடைப்பு மூளையிலதான? அப்புறம் எதுக்குங்க கழுத்துல ஆபரேசன்?"

கேட்டவர் ஒயரிங் வேலை பார்ப்பவர். பக்கவாதம் வந்த தன் அண்ணனை பிசியோவுக்கு என்னிடம் அழைத்து வருகிறார். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு வீடியோவை ஓடவிட்டுக் காட்டினார். சீனாவில் கழுத்து நரம்பை மாற்றி வைத்து, வருடக்கணக்காக மடங்கிக் கிடந்த கையை நீட்ட வைக்கிறார்களாம். பின்னணியில் சினிமா இசை வேறு. இப்படி வரும் வீடியோக்கள் முக்கால்வாசி குப்பைதான். ஆனால் இது குப்பை இல்லை. ஷாங்காய் ஹுவாஷான் மருத்துவமனையைச் சேர்ந்த ஷு வென்தோங் என்ற கை அறுவை மருத்துவரின் வேலை இது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2018-ல் வந்தது. பிசியோ வேலையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களை நிமிர்ந்து உட்கார வைத்த கட்டுரை.

அவர் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. பதில்தான் ஒரு வரியில் முடியாது.

முதலில் அந்த அண்ணனின் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தறிப் பட்டறையில் வேலை பார்த்தவர். இடது பக்க மூளையில் அடைப்பு, வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. கால் ஓரளவு திரும்பி, இப்போது கோலில்லாமல் நடக்கிறார். கை திரும்பவில்லை. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு கீழே தொங்கும். விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டிருக்கும். அந்த முஷ்டியைத் திறக்க ஒரு முறை இருக்கிறது. விரலைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை நன்றாக உள்பக்கம் மடக்கினால் விரல்களின் தசைநார் கொஞ்சம் தளரும். அந்த நேரம் பார்த்துச் சுண்டுவிரல் பக்கமிருந்து ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். திறந்தால் உள்ளங்கை வெளுத்து, ஊறிப்போய், ஒரு புளித்த வாடையோடு இருக்கும். நகம் பதிந்த தடம் நாலு பிறை மாதிரி தெரியும். அவர் மனைவி வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, சின்னத் துண்டைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார். தினமும் இது நடக்கிறது.

பக்கவாதம் என்றால் கை துவண்டு போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் அப்படித்தான். பிறகு பலருக்கு இறுக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தசை நீளும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு சேதி தண்டுவடத்துக்குப் போய், "சுருங்கு" என்ற கட்டளையோடு திரும்பி வரும். நம் எல்லோருக்கும் நடப்பதுதான் இது. மூளை மேலே இருந்து அதை அடக்கி வைத்திருக்கும். மூளையின் அந்தப் பகுதி போய்விட்டால் அடக்க ஆளில்லை. கை தானாகவே மடங்கிக்கொண்டே இருக்கும்.

இதில் ஷு என்ன செய்கிறார்? கழுத்திலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஐந்து நரம்பு வேர்கள் இறங்குகின்றன. சி5, சி6, சி7, சி8, டி1. இவை தோளுக்கு மேலே பின்னிப் பிணைந்து, பிறகு கிளை பிரிந்து கைக்குள் போகின்றன. நல்ல கையின் சி7 வேரை வெட்டி எடுத்து, முதுகெலும்புக்கு முன்னும் உணவுக்குழாய்க்குப் பின்னும் உள்ள இடைவெளி வழியாக மறுபக்கம் கொண்டுபோய், விழுந்த கையின் சி7-ஐயும் வெட்டி அதன் முனையோடு தைத்துவிடுகிறார். நீளம் போதாவிட்டால் காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டை இடையில் வைப்பார்கள். மூளையைத் தொடுவதே இல்லை. வலது கை விழுந்தவருக்கு இடது கையின் நரம்பு வலது கைக்குள் போகிறது. இடது கையை ஆட்டுவிப்பது வலது மூளை. ஆக, அடிபடாத வலது மூளை இனி இரண்டு கைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பக்கத்து வீட்டு லைன்ல இருந்து ஒயர் இழுக்கிற மாதிரிங்களா?" என்றார் ஒயரிங்காரர். பாதி சரி. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

நல்ல கையின் நரம்பை வெட்டினால் அந்தக் கை போய்விடாதா? எல்லோரும் பயப்படும் இடம் இதுதான். இதற்கு விடை கண்டுபிடித்தவர் ஷுவின் ஆசிரியர் கு யூதோங். ஷாங்காய் நகரத்துக்குக் கை அறுவையில் ஒரு பெரிய பரம்பரையே உண்டு. 1963-ல் அங்குள்ள ஆறாவது மக்கள் மருத்துவமனையில் சென் சோங்வெயின் குழு ஒரு தொழிலாளியின் துண்டான கையைத் திரும்ப ஒட்டவைத்தது. 1966-ல் ஹுவாஷானில் யாங் தோங்யுவேயும் கு யூதோங்கும் காலின் இரண்டாவது விரலை எடுத்துக் கட்டைவிரலாக வைத்தார்கள். கு பிறகு விபத்தில் நரம்பு வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டவர்கள் பக்கம் திரும்பினார். பைக்கில் போய் விழுந்து, தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டால் இது நடக்கும். நம் ஊரில் இந்தக் காயம் ஏராளம். கோவை கங்கா மருத்துவமனையில் இதற்கென்றே அறுவை செய்கிறார்கள். அடிபட்ட பக்கம் இணைப்பதற்கு ஒரு நரம்பும் மிச்சமில்லாதபோது எங்கே போவது?

கு கவனித்தது இதைத்தான்: சி7-ஐ மட்டும் நம்பி வாழும் தசை கையில் ஒன்றுகூட இல்லை. சி7 போகும் தசைகளுக்கெல்லாம் மேலே இருக்கும் வேரோ கீழே இருக்கும் வேரோ கொஞ்சம் பங்கு கொடுக்கிறது. கைக்குப் போகும் நரம்பிழைகளில் சுமார் 20 சதவீதம் சி7-ல் இருக்கின்றன. ஆனாலும் அதை எடுத்தால் சில காலம் பலவீனமும் மரமரப்பும் இருந்துவிட்டுப் போய்விடும். 1986-ல் அவர் முதன்முதலாக நல்ல பக்கத்து சி7-ஐ எடுத்து அடிபட்ட பக்கம் கொடுத்தார். அந்தக் காலத்து முறையில் நரம்பு மார்பின் தோலுக்கடியில் நீண்ட வழி சுற்றிப் போகும். அடிபட்ட கையில் சுண்டுவிரல் பக்கம் போகும் அல்னார் நரம்பையே பாலமாகப் பயன்படுத்தி, இரண்டு கட்டமாகச் செய்வார்கள். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். வழி நீண்டால் நரம்பு போய்ச் சேர்வதற்குள் தசை வற்றிவிடும். ஷு கழுத்துக்குள்ளேயே குறுக்கு வழி எடுப்பதன் காரணம் அதுதான். உணவுக்குழாய்க்குப் பின்னால் போவதால் சிலருக்கு விழுங்கும்போது ஏதோ சிக்கியது போலத் தோன்றுவதும் அதனால்தான்.

கு அறுவை செய்தவர்களிடம் ஒரு விசித்திரம் தெரிந்தது. அடிபட்ட கையின் விரலைத் தொட்டால், "நல்ல கையைத் தொடுகிறீர்கள்" என்பார்கள். அடிபட்ட கையை அசைக்கச் சொன்னால், முதலில் நல்ல கையை அசைத்தால்தான் இதுவும் அசையும். மாதங்கள் போகப் போகச் சிலருக்கு இரண்டும் பிரிந்து, தனித்தனியாக அசைக்க வந்தது. அதாவது தன்னிடம் வந்து சேர்ந்த புதிய கையை மூளை மெதுவாக அடையாளம் கண்டுகொண்டது. ஷுவின் யோசனை இங்கிருந்துதான் பிறந்தது. கையில் கோளாறு இருந்தவர்களுக்கு ஒரு பாதி மூளையால் இரண்டு கைகளையும் பார்க்க முடிகிறது என்றால், மூளையில் கோளாறு இருப்பவர்களுக்கும் முடியாதா?

2018 கட்டுரையில் 36 பேர். 12 முதல் 45 வயது வரை. பக்கவாதம், தலைக்காயம், பிறவியிலேயே வரும் மூளை முடக்குவாதம் என்று காரணங்கள் பலவிதம். எல்லோருக்கும் கை விழுந்து 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 18 பேருக்கு அறுவையும் பயிற்சியும், 18 பேருக்குப் பயிற்சி மட்டும். குலுக்கல் முறையில்தான் பிரித்தார்கள்.

அந்த 5 வருடத்தில்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். "ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதான் வரும், அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வருகிறார்கள். அப்படிச் சொன்ன மருத்துவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேகமான முன்னேற்றம் ஆரம்ப மாதங்களில்தான் நடக்கிறது, அது உண்மை. ஆனால் வேகம் குறைவதை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, குடும்பமும் அன்றோடு கையை மறந்துவிடுகிறது. 5 வருடம் கிடந்த கையில் மாற்றத்தைக் காட்டிய ஒரு ஆய்வு, வேறு எதைச் சாதிக்காவிட்டாலும், அந்த ஆறு மாதக் கணக்கை உடைத்தது.

அளவுகோல் ஃபூகல்-மேயர் என்ற மதிப்பெண். 1975-ல் ஸ்வீடனில் உருவானது. கைக்கு மொத்தம் 66. ஒவ்வொரு அசைவுக்கும் 0, 1, 2 என்று போடுவோம். உதாரணமாக, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரல் பக்கத்துக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து இழுப்போம். விடாமல் பிடித்தால் 2. இழுத்ததும் வந்துவிட்டால் 1. பிடிக்கவே முடியாவிட்டால் 0. ஒரு வருட முடிவில் அறுவை செய்தவர்களுக்குச் சராசரியாக 17.7 கூடியது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2.6. நாள்பட்ட பக்கவாதக் கையில் ஐந்தாறு மதிப்பெண் கூடினாலே நாங்கள் சந்தோஷப்படுவோம். ஆடை போடுவது, துண்டைப் பிழிவது, ஷூ லேஸ் கட்டுவது போன்ற வேலைகளை அந்தக் கையால் செய்யத் தொடங்கினார்கள். மூளையைக் காந்தத்தால் தூண்டிப் பார்த்ததிலும் மூளைப் படத்திலும், விழுந்த கைக்கும் அதே பக்கத்து மூளைக்கும் புதிதாகத் தொடர்பு உண்டாகியிருப்பது தெரிந்தது. கொடுத்த கையின் வலுவிலும் தொடு உணர்விலும் வருட முடிவில் சொல்லும்படியான இழப்பு இல்லை.

சரி, இனி என் சந்தேகங்கள்.

அறுவையில் நடப்பது ஒன்றல்ல, இரண்டு. நல்ல பக்கத்து நரம்பு வந்து சேர்வது ஒன்று. விழுந்த கையின் சி7 வெட்டப்படுவது மற்றொன்று. வெட்டியதுமே அந்த இறுக்கச் சுற்று அறுந்துவிடுகிறது. கை இளகுகிறது. புதிய நரம்பு மாதம் மூன்று சென்டிமீட்டர் வீதம் வளர்ந்து முழங்கை தாண்டும் முன்பே இந்த இளக்கம் வந்துவிடும். அப்படியானால் அந்த 17.7-ல் வெட்டியதன் பங்கு எவ்வளவு, ஒட்டியதன் பங்கு எவ்வளவு? கட்டுரை வந்தபோதே வெளியில் இருந்த அறுவை நிபுணர்கள் இதைக் கேட்டார்கள். வெட்டி மட்டும் விடப்பட்ட மூன்றாவது குழு ஒன்று இருந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். போலி அறுவையும் கிடையாது. கழுத்தில் தழும்பு இருப்பவருக்குத் தனக்கு என்ன செய்தார்கள் என்று தெரியும். அவர் பயிற்சியில் காட்டும் முனைப்பும் வேறாக இருக்கும். இது ஷுவைக் குறை சொல்வதற்காக இல்லை. கழுத்தைத் திறந்து ஒன்றும் செய்யாமல் மூடுவதற்கு எந்த நெறிமுறைக் குழுவும் லேசில் சம்மதிக்காது.

அப்புறம் வயது. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஐம்பது, அறுபது தாண்டியவர்கள். சர்க்கரை இருக்கும், பிரஷர் இருக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். சர்க்கரைக்காரரின் நரம்பும் இருபத்தைந்து வயதுக்காரரின் நரம்பும் ஒரே மாதிரி வளராது. தறிக்கார அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. அந்த 36 பேரில் அவரைப் போல ஒருவர்கூட இல்லை என்று அவர் தம்பியிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. விரிவாகச் சொல்லாமல் "பண்ணலாம், பாக்கலாம்" என்று இழுத்திருந்தால் நிலத்தை விற்றாவது கிளம்பியிருப்பார்கள்.

இதே கழுத்தில் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்துவார்கள். நோயாளி ஒரு அசைவைச் செய்யும் கணத்தில் பிசியோ பொத்தானை அழுத்த, அரை வினாடிக்கு ஒரு மின்துடிப்பு போகும். "இந்த அசைவைக் குறித்துக்கொள்" என்று மூளைக்குச் சொல்வதற்காக. 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 108 பேர். எல்லோருக்குமே கருவி பொருத்தினார்கள். பாதிப் பேருக்கு மின்சாரம் மட்டும் போகவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. மின்சாரம் போனவர்களுக்கு அதே ஃபூகல்-மேயர் மதிப்பெண் 5.0 கூடியது, போகாதவர்களுக்கு 2.4. அந்த வருடமே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 17.7 எங்கே, 5 எங்கே என்று பார்க்கத் தோன்றும். அப்படி ஒப்பிடக் கூடாது. ஆட்களும் வேறு, சோதித்த விதமும் வேறு. இருந்தாலும், சிறிய எண்ணாக இருந்தாலும் அந்த 5-ஐ நான் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறேன்.

எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் நேர் எதிர்த் திசையில் போனார். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் விழுந்த கையாலேயே எல்லாவற்றையும் செய்ய வைப்பது. நல்ல கை வேலையை முடித்துவிடுவதால்தான் மற்ற கை தன்னை மறந்துபோகிறது என்பது அவர் வாதம். 222 பேரிடம் செய்த பெரிய ஆய்வு 2006-ல் வந்து அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் நல்ல கையைக் கட்டினார், ஷு நல்ல கையிடம் கடன் வாங்கினார். ஆனால் டாப்பின் முறைக்கு விரல் கொஞ்சமாவது திறக்க வேண்டும். முஷ்டியாக இறுகியவருக்கு அது உதவாது. ஷு கை வைத்தது அப்படிப்பட்டவர்கள் மேல்தான்.

இப்போது அந்த ஒயர் கணக்கின் மீதிப் பாதி. ஒயரை இழுத்து முறுக்கிவிட்டால் பல்பு எரியும்; பல்பு எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நரம்பு அப்படி இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஷாங்காய் வரை போகத் தேவையில்லை, வேலூர் போதும். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்து, தொழுநோயால் விரல் மடங்கிய கைகளுக்கு, வேலை செய்யும் தசையின் நாரை எடுத்து விழுந்த இடத்துக்கு மாற்றி வைத்தார். கட்டுப் பிரித்த அன்று கை வந்துவிடாது. வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த தசை இனிமேல் விரலை நிமிர்த்த வேண்டும் என்று நோயாளி பழக வேண்டும். நரம்பு மாற்றத்திலும் இதே கதைதான், இன்னும் நீளமாக. சி7 நல்ல கையில் செய்துகொண்டிருந்தது முழங்கையை நீட்டுவதும் மணிக்கட்டைத் தூக்குவதும். எனவே விழுந்த கையின் முழங்கை நீள வேண்டுமானால், ஆரம்பத்தில் நல்ல கையை நீட்டு என்றுதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நீளும். அதையே திரும்பத் திரும்பச் செய்து, நல்ல கையின் பங்கை மெல்லக் குறைக்க வேண்டும். வீடியோவில் இந்த மாதங்கள் வராது. அறுவைக்கு முன் ஒரு ஷாட், பின் ஒரு ஷாட், நடுவே "ஒரு வருடம் கழித்து" என்று எழுத்து.

அறுவை என்றால் எவ்வளவு தூரமானாலும் போகத் தயாராக இருக்கும் குடும்பங்கள், தினமும் அரை மணி நேரம் கையை நீட்டிவிடச் சொன்னால் மூன்றாவது வாரம் நிறுத்திவிடுவது எனக்கு எப்போதும் எரிச்சல்தான். அவர்கள் நிலைமையும் புரிகிறது. கூலிக்குப் போகும் வீட்டில் அரை மணி நேரம் சும்மா கிடைக்காது. ஷுவின் 36 பேருக்கும் ஒரே மாதிரி ஒழுங்கான பயிற்சி கிடைத்தது. அந்தப் பயிற்சி இல்லாமல் அறுவையை மட்டும் நம் ஊருக்குக் கொண்டுவந்தால் அதே எண்கள் வருமா என்று கேட்டால், வராது என்றே சொல்வேன்.

ஷு அதோடு நிற்கவில்லை. அறுவை செய்தவர்களில் சிலருக்குப் பேச்சும் சற்று இளகியதைப் பார்த்து, அடுத்த ஆய்வுக்குப் போனது அவர் குழு. 2025-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. இடது மூளை அடிபட்டுப் பேச்சு போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆன 50 பேர். பாதிப் பேருக்கு வலது கழுத்தில் சி7-ஐ வெட்டினார்கள். இந்த முறை வெட்டு மட்டும்தான், மறுபக்கத்து நரம்பை ஒட்டவில்லை. இரு குழுவுக்கும் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் சோதனையில் வெட்டப்பட்டவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். கைக்குப் போகும் ஒரு நரம்பை அறுத்தால் வாயில் சொல் ஏன் வர வேண்டும்? இறுகிய கையிலிருந்து ஓயாமல் போகும் சேதி நின்றால், மூளையின் அந்தப் பக்கத்துக்கு வேறு வேலை பார்க்க இடம் கிடைக்கலாம் என்பது ஒரு விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கேயும் போலி அறுவை இல்லை. இன்னொரு நாட்டில், இந்தக் குழுவோடு சம்பந்தமே இல்லாத கைகள் இதே நரம்பை வெட்டிப் பார்த்து, அவர்களிடமும் சொற்கள் வந்தால் நம்புகிறேன். அதுவரை என் அறைக்கு இந்த வீடியோவோடு வருபவர்களிடம் சொல்வது, "ஆய்வு உண்மைங்க, உங்களுக்குப் பொருந்துமான்னு இன்னும் யாரும் பார்க்கலை" என்பதுதான்.